ஸ்ட்ரோப் அடிக்கிறது, படம் மட்டும் இருட்டு: அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கடலுக்கடியில் படமெடுக்க, கேமராவுக்கு வெளியே மாட்டும் ஃப்ளாஷான ஸ்ட்ரோப்பைப் பற்றி, "எந்த ஸ்ட்ரோப் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது, "கடைசி டைவில் சொதப்பின படங்களை அழிக்காமல் வைத்திருக்கிறீர்களா?" என்றுதான். நன்றாக வந்த படம் வாயே திறக்காது. சொதப்பின படம்தான் கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும். எதை வாங்க வேண்டும், எதை வாங்கவே தேவையில்லை என்பதற்கும் அதில்தான் பதில் இருக்கும்.

தண்ணீருக்குள் கேமரா கொண்டுபோகத் தொடங்கியவர்கள் நாலைந்து டைவுக்குள் "பவர் பத்தவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தப்பு. வெளிச்சம் அளவில் கெடலாம், இடத்தில் கெடலாம், நேரத்தில் கெடலாம். பெரிய ஸ்ட்ரோப் வாங்கினால் தீர்வது முதலாவது மட்டும்தான், அதுவும் ஓரளவுக்கு. நானே இடக் கோளாறை அளவுக் கோளாறு என்று நினைத்து, கையில் இருந்ததைவிட இருமடங்கு வலுவான ஸ்ட்ரோப் ஒன்றை வாங்கினேன். படத்தில் விழுந்துகொண்டிருந்த வெள்ளைப் புள்ளிகள் அதற்குப் பிறகு இன்னும் பளிச்சென்று விழுந்தன.

அதனால் கீழே அறிகுறிகளை வைத்துப் போகிறேன். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதலில் இந்தச் சின்னச் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

கண்ணாடிச் சோதனை

கேமராவை ஹவுசிங்கில், அதாவது தண்ணீர் புகாத உறையில், போட்டு, ஸ்ட்ரோப், கேபிள் எல்லாவற்றையும் டைவுக்குப் போவது போலவே மாட்டுங்கள். பவரைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு நிலைக்கண்ணாடி முன் நின்று கண்ணாடியைப் படம் எடுங்கள். படத்தில் ஸ்ட்ரோப்பின் முகம் வெள்ளை வெளேரென்று எரிந்தால், அது சரியான நேரத்தில் அடித்திருக்கிறது. அடித்ததைக் கண் பார்த்தது, ஆனால் படத்தில் அதன் முகம் இருண்டு கிடக்கிறது என்றால், ஷட்டர் திறப்பதற்கு முன்போ மூடிய பிறகோ அடித்திருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோப் வைத்திருப்பவர்களுக்கு எந்தப் பக்கம் தூங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். கரையில் இருக்கும்போது ஃபுல் பவரில் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். காற்றில் அந்தச் சூடு சீக்கிரம் இறங்காது.

அறிகுறி: அடிக்கவே இல்லை

இதில் பத்துக்கு ஏழு தடவை ஸ்ட்ரோப் மேல் குற்றமே இருக்காது. கேமரா அதற்குச் சேதி சொல்லியிருக்காது.

ஃபைபர் ஆப்டிக் கேபிளில் இணைத்திருந்தால், கேமராவின் சொந்த ஃப்ளாஷ் அடிக்கும் ஒளிதான் கேபிள் வழியாகப் போய் ஸ்ட்ரோப்பை எழுப்புகிறது. ஆகவே இந்த வரிசையில் பாருங்கள்:

1. கேமரா ஃப்ளாஷ் அடிக்கிறதா? ஆட்டோவில் விட்டிருந்தால், சுற்றிலும் வெளிச்சம் இருக்கிறது என்று அது சும்மா இருந்துவிடும். எப்போதும் அடிக்கும்படி வையுங்கள்.
2. சைலன்ட் ஷட்டர், எலக்ட்ரானிக் ஷட்டர் எதுவும் ஆனில் இருக்கிறதா? பெரும்பாலான கேமராக்களில் அது இருந்தால் ஃப்ளாஷுக்கு வேலையில்லை. தொடர்ச்சியாகப் படமெடுக்கும் மோடு, எச்டிஆர் மோடு ஆகியவையும் சில கேமராக்களில் ஃப்ளாஷைச் சத்தமில்லாமல் அணைத்துவிடும்.
3. எழும்பி நிற்கும் வகை ஃப்ளாஷ் என்றால், ஹவுசிங்கை மூடும் முன் அதைத் தூக்கி விட்டீர்களா? இதை மறந்துவிட்டு ஒரு முழு டைவையும் கடத்தியவர்களில் நானும் ஒருவன்.
4. கேபிளின் ஸ்ட்ரோப் பக்க முனையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஷட்டரை அழுத்துங்கள். முனையில் ஒளிப்பொட்டு தெரிகிறதா? தெரியாவிட்டால் கேபிள் உள்ளே முறிந்திருக்கலாம், அல்லது ஹவுசிங் பக்கத்தில் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம்.
5. பொட்டு தெரிந்தும் ஸ்ட்ரோப் எழவில்லை என்றால்தான் பேட்டரி, அதன் துருவம், சுவிட்ச் என்று ஸ்ட்ரோப் பக்கம் போக வேண்டும்.

கேமராவில் உள் ஃப்ளாஷே கிடையாது என்றால், ஹாட் ஷூவில் (கேமராவின் மேல் ஃப்ளாஷ் செருகும் இடத்தில்) மாட்டும் எல்இடி ட்ரிக்கர் ஒன்று ஹவுசிங்குக்குள் இருக்க வேண்டும். ஸ்ட்ரோப் விலையை மட்டும் கணக்குப் போட்டு, இதை மறந்து போகிறவர்கள் நிறைய. ட்ரிக்கரின் குட்டி பேட்டரி தீர்ந்து போவதும் "ஸ்ட்ரோப் செத்துப் போச்சு" என்ற புலம்பலாகத்தான் வரும்.

மின்கம்பி வழியாக இணைக்கும் சிங்க் கார்டு என்றால் அதன் இரு முனைகளையும் பாருங்கள். ஐந்து பின்களில் ஒன்று பச்சை பூத்திருந்தாலே போதும், தகராறு ஆரம்பம். ஈரக் கையோடு இதைக் கழற்றி மாட்டவே கூடாது. கிரீஸ் ஓ-ரிங் எனும் தண்ணீர் தடுக்கும் ரப்பர் வளையத்துக்குத்தான், பின்களுக்கு அல்ல. புதிதாக வாங்குகிறவருக்கு என் வாக்கு ஃபைபருக்கே. நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தாலும் ஷார்ட் ஆவதற்கு அதில் மின்சாரமே ஓடவில்லை.

அறிகுறி: அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் வெளிச்சம் இல்லை

நேரக் கோளாறு. புதியவர்களை அதிகம் அலையவிடுவது இதுதான்.

கேமரா தானாக ஒளியை அளக்கும்போது, படம் எடுப்பதற்கு ஒரு கணம் முன்பு ஒரு சின்ன முன்-ஃப்ளாஷை அடித்து, திரும்பி வரும் ஒளியை அளந்துகொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மேனுவலில் இருக்கும் ஸ்ட்ரோப்புக்கு எது ஒத்திகை, எது நாடகம் என்று தெரியாது. முன்-ஃப்ளாஷைப் பார்த்ததுமே தன்னிடம் இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். ஷட்டர் திறக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

தீர்வு இரண்டு வழி. கேமராவின் ஃப்ளாஷை மேனுவலில் வைக்க முடிந்தால் வையுங்கள், முன்-ஃப்ளாஷ் நின்றுவிடும். கூடவே அதன் பவரை 1/64 போல ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கிவிடுங்கள். ஸ்ட்ரோப்பை எழுப்ப அந்தப் பொட்டு ஒளியே போதும், கேமரா பேட்டரியும் மிஞ்சும், அடுத்த படத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கேமராவில் அந்த வசதி இல்லையென்றால், ஸ்ட்ரோப்பில் முன்-ஃப்ளாஷைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடும் ஒரு மோடு இருக்கும், அதற்கு மாற்றுங்கள். சிவப்புக் கண்ணைத் தவிர்க்கும் மோடு ஆனில் இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். அது பல தடவை மினுக்கி ஸ்ட்ரோப்பைக் குழப்பும்.

மாற்றிவிட்டு மறுபடி கண்ணாடி முன் நில்லுங்கள். சரியாகிவிட்டால் எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் ஸ்ட்ரோப் தேர்வில் இதிலிருந்து ஒரு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: முன்-ஃப்ளாஷைக் கையாளும் மோடு இல்லாத ஸ்ட்ரோப், ஃப்ளாஷை மேனுவலில் வைக்கவே முடியாத சிறிய கேமராவுக்கு ஒத்துவராது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

அறிகுறி: படத்தின் ஓரத்தில் கறுப்பு

அது படத்தின் நீளப்பக்கத்தை ஒட்டி நேர்க்கோடாக வெட்டியதுபோல் இருந்தால் ஷட்டர் வேகம் அதிகம். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் ஷட்டர் திரை மேலும் கீழும் ஓடுகிறது. 1/200 அல்லது 1/250-க்கு மேல் போனால் ஸ்ட்ரோப் அடிக்கும் நேரத்தில் திரை ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கும். எண்ணைக் கீழே இறக்குங்கள், அவ்வளவுதான். கேமராவின் சொந்த ஃப்ளாஷை உபயோகித்தால் கேமராவே தடுத்துவிடும். சாதாரண எல்இடி ட்ரிக்கர் போட்டிருந்தால் அப்படித் தடுக்காமல் போகலாம், அதனால்தான் இது ட்ரிக்கர் மாற்றியவர்களுக்கு அதிகம் வருகிறது. சின்ன காம்பாக்ட்களில் லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும், அவற்றுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது.

கறுப்பு வளைவாக ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அது வேறு. உள் ஃப்ளாஷின் ஒளி ஹவுசிங் வழியே கசிந்து, போர்ட்டின், அதாவது ஹவுசிங்கில் லென்ஸுக்கு முன்னால் நீட்டி நிற்கும் பகுதியின், நிழல் படத்தில் விழுகிறது. ஃப்ளாஷுக்கு எதிரே உள்ள ஹவுசிங் ஜன்னலை, ஃபைபர் மாட்டும் இடம் தவிர, கறுப்பு டேப்பால் மூடுங்கள்.

அறிகுறி: படம் முழுக்கப் பனி பெய்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள்

பேக்ஸ்கேட்டர். இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இருட்டில், தூசி பறக்கும் சாலையில் டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்தால் எதிரே தூசிதான் தெரியும். கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் சாலை தெரியும். கடலிலும் அதே கதை. லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே உள்ள தண்ணீரில் மணல், மிதவை உயிர்கள், சேற்றுத் துகள் எல்லாம் மிதக்கின்றன. அந்த நடுத் தண்ணீரில் ஸ்ட்ரோப் வெளிச்சம் படக் கூடாது, மீன்மேல் மட்டும் பட வேண்டும். மொத்த வித்தையும் இதுதான்.

புள்ளியின் உருவத்தை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பெரிய, விளிம்பு மங்கிய வட்டங்களா? அவை லென்ஸுக்கு மிக அருகே இருந்த துகள்கள், ஃபோகஸ் ஆகாததால் உப்பித் தெரிகின்றன. போர்ட்டுக்கு முன்னாலேயே வெளிச்சம் கொட்டுகிறது என்று அர்த்தம். ஸ்ட்ரோப்பைப் பின்னால் இழுங்கள், போர்ட்டின் முகத்துக்குப் பின்னே போகும் அளவுக்கு. பிறகு அதன் மூக்கை மீனைப் பார்த்து அல்லாமல் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். வெளிச்சக் கூம்பின் நடுப்பகுதி வெளியே போய், விளிம்பு மட்டும் மீனைத் தடவிப் போகும். மனசு ஒப்பாது. எல்லோருக்கும் ஸ்ட்ரோப்பை மீனைப் பார்த்தே குறிவைக்கத்தான் கை வரும். அந்தக் கைப்பழக்கத்தை உடைத்தால் பாதி பேக்ஸ்கேட்டர் அன்றைக்கே போய்விடும்.

ஊசி முனை போன்ற கூர்மையான சின்னப் புள்ளிகளா? அவை மீன் இருக்கும் தூரத்திலேயே மிதப்பவை. தண்ணீரே கலங்கல். ஸ்ட்ரோப்பை எங்கே வைத்தாலும் ஓரளவு விழும். நெருங்கிப் போவது ஒன்றே வழி: நடுவில் தண்ணீர் குறைந்தால் துகளும் குறையும். நெருங்க முடியாத தூரம் என்றால் ஸ்ட்ரோப்பை அணைத்துவிட்டு, கிடைக்கும் வெளிச்சத்தில் எடுங்கள்.

ஒரு பக்கம் மட்டுமா? அந்தப் பக்கத்து ஸ்ட்ரோப்தான் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. ஒன்றை அணைத்து ஒன்றை வைத்து எடுத்துப் பாருங்கள்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் அதே புள்ளியா? அது பேக்ஸ்கேட்டரே இல்லை. போர்ட்டில் ஒட்டிய காற்றுக் குமிழி, கீறல், அல்லது சென்சாரில் தூசி. தண்ணீரில் இறங்கியதும் டோமை (வளைந்த முகமுள்ள போர்ட்டை) கையால் ஒருமுறை தடவிவிடுவது நல்ல பழக்கம்.

ஸ்ட்ரோப்பைத் தாங்கும் கைகளை, அதாவது அதைக் கேமராவோடு இணைக்கும் தண்டுகளை, எவ்வளவு விரிப்பது? கேமராவிலிருந்து மீன் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஸ்ட்ரோப்பும் பக்கவாட்டில் தள்ளி இருக்கட்டும். முக்கால் மீட்டர் தள்ளி இருக்கும் பவளத்துக்குக் கைகள் நன்றாக விரிய வேண்டும். ஒரு சாண் தூரத்தில் இருக்கும் கடல் நத்தைக்குப் போர்ட்டை ஒட்டியே கொண்டுவரலாம். இங்கே ஒன்று வாங்க நேரலாம், ஆனால் அது ஸ்ட்ரோப் அல்ல, நீளமான கை. ஹவுசிங் உட்காரும் ட்ரேயோடு ஒட்டி நிற்கும் ஒற்றைக் குட்டைக் கையால், அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் ஆங்கிளுக்கு இந்த இடத்துக்குப் போகவே முடியாது. பக்கத்துக்கு இரண்டு துண்டுகள், நடுவில் மடக்கும் கிளாம்ப் என்று இருந்தால்தான் நினைத்த இடத்தில் நிற்கும். வலுவான ஸ்ட்ரோப்பைக் குட்டைக் கையில் மாட்டுவதைவிட, சுமாரான ஸ்ட்ரோப்பை நீளக் கையில் மாட்டுவது மேல். நான் பணம் கொடுத்துப் படித்த பாடம்.

அறிகுறி: ஸ்ட்ரோப் அடித்தும் படம் நீலம், சிவப்பு வரவே இல்லை

தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு வெகுவாக மங்கிவிடும், அடுத்து ஆரஞ்சு, அதற்கும் கீழே மஞ்சள். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கணக்கில் சேர்க்காமல் விடுவது என்னவென்றால், இந்த விழுங்கல் ஆழத்துக்கு மட்டுமல்ல, ஒளி தண்ணீருக்குள் போகும் எல்லாத் தூரத்துக்கும் உண்டு. ஸ்ட்ரோப்பிலிருந்து மீனுக்கு ஒரு மீட்டர், மீனிலிருந்து லென்ஸுக்கு ஒரு மீட்டர், ஆக இரண்டு மீட்டர் தண்ணீர். மீன் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் நான்கு மீட்டர். அதற்குள் சிவப்பு பெருமளவு கரைந்துவிடும். ஸ்ட்ரோப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெளிச்சம் கூடுமே தவிர, நிறம் திரும்பாது.

1926-ல் ஃப்ளோரிடாவுக்கு அப்பால் டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் மீனியல் அறிஞர் லாங்லியும் புகைப்படக்காரர் சார்லஸ் மார்ட்டினும் முதல்முதலாகக் கடலுக்கடியில் வண்ணப் படம் எடுத்தபோது, மேலே மிதவையில் மெக்னீசியத் தூளைக் கொளுத்தித்தான் வெளிச்சம் காட்டினார்கள். அன்றைய வண்ணத் தகடுகளுக்கு அவ்வளவு ஒளி வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது: கிட்டே போவது.

எனவே இந்த அறிகுறிக்கு முதல் கேள்வி, எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தீர்கள்? ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு மேல் என்றால் அதுதான் காரணம். தண்ணீருக்குள் பொருட்கள் உள்ளதைவிடக் கிட்டத்தில் தெரியும் என்பதால் கண் ஏமாற்றும். ஒரு மீட்டர் என்று நினைப்பது உண்மையில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இரண்டாவது கேள்வி, வொயிட் பேலன்ஸ் எதில் இருக்கிறது? ஸ்ட்ரோப்பின் ஒளி பகல் வெளிச்சத்தை ஒட்டி 5000 முதல் 6000 கெல்வின் வரை இருக்கும். ஆட்டோவில் விட்டால் கேமரா நீலத் தண்ணீரைப் பார்த்துத் தடுமாறும். பகல் வெளிச்சத்துக்கு நிறுத்தி, ரா ஃபைலில் எடுங்கள். மூன்றாவது, லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். அது ஸ்ட்ரோப் இல்லாமல் எடுப்பவர்களுக்கு. ஸ்ட்ரோப்போடு போட்டால் முன்னால் இருப்பது தக்காளி நிறத்தில் வரும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் முன்புறம் மங்கல் என்றால் மட்டுமே பவரைப் பற்றிப் பேசலாம். பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பர் அதற்குத்தான். அந்த எண்ணை அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எண்ணால் வகுத்தால், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-ல் எத்தனை மீட்டருக்குச் சரியான வெளிச்சம் போகும் என்று தெரியும். கைடு நம்பர் 24, அபெர்ச்சர் எஃப் 8 என்றால் 3 மீட்டர். ஆனால் அது காற்றில். தண்ணீரில் அது பாதிக்கும் கீழே போய்விடும். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஆக, ஒரு மீட்டர். பெட்டியில் இருக்கும் எண் காற்றுக்கா தண்ணீருக்கா என்று பார்க்காமல் இரண்டு ஸ்ட்ரோப்களை ஒப்பிட்டுவிடாதீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐஎஸ்ஓவை 100-லிருந்து 400-க்கு ஏற்றினால், அதே ஸ்ட்ரோப் இருமடங்கு கைடு நம்பர் கொண்டதுபோல் நடந்துகொள்ளும். இன்றைய கேமராக்களில் 400 ஒன்றும் குற்றமில்லை. மாற்றிப் பார்த்துவிட்டு, அதன்பின் கடைக்குப் போகலாம்.

அறிகுறி: மீன் வெளுத்துவிட்டது, அல்லது பின்னால் தண்ணீர் கறுத்துவிட்டது

இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். ஒரே குமிழைத் திருகி இரண்டையும் சரிசெய்யப் பார்ப்பதால்தான் குழப்பம்.

ஸ்ட்ரோப்பின் ஒளி கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே நீடிக்கிறது. எனவே ஷட்டர் 1/60 ஆனாலும் 1/200 ஆனாலும் மீன்மேல் விழும் ஸ்ட்ரோப் ஒளி ஒன்றேதான். பின்னால் இருக்கும் நீலத் தண்ணீரின் வெளிச்சம் சூரியனுடையது. அதைக் கூட்டிக் குறைப்பது ஷட்டர். ஆக, தண்ணீர் கறுத்தால் ஷட்டரை மெதுவாக்குங்கள், 1/200-லிருந்து 1/100-க்கு. மீன் வெளுத்தால் ஸ்ட்ரோப் பவரைக் குறையுங்கள், அல்லது ஸ்ட்ரோப்பைத் தள்ளி வையுங்கள். அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே மாற்றும், அதனால் அவற்றை முதலில் நிலையாக வைத்துவிட்டு மற்ற இரண்டோடு மட்டும் விளையாடுங்கள். தொடக்கத்துக்கு, வைட் ஆங்கிள் என்றால் எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 200. மேக்ரோ, அதாவது சின்ன உயிர்களை மிகக் கிட்டத்தில் எடுப்பது, என்றால் எஃப் 16, 1/200, ஐஎஸ்ஓ 100 அல்லது 200. சின்ன சென்சார் காம்பாக்ட்களில் எஃப் 8-ஏ கடைசி எண்ணாக இருக்கும், அதை வைத்தே மேக்ரோ எடுக்கலாம்.

டிடிஎல் எனும் தானியங்கி முறையில் வைத்திருந்து மீன் வெளுத்தால், குற்றம் பின்புலத்தில். படத்தின் முக்கால்வாசி நீலத் தண்ணீராக இருக்கும்போது, அங்கிருந்து ஸ்ட்ரோப் ஒளி திரும்பி வராது. கேமரா "போதவில்லை" என்று நினைத்து மேலும் கொட்டச் சொல்லும். அந்தக் கொட்டல் முழுக்க மீன்மேல். மேக்ரோவில், பொருள் சட்டத்தை நிரப்பும்போது டிடிஎல் நன்றாகவே வேலை செய்யும். வைட் ஆங்கிளுக்கு மேனுவல்தான். எனவே டிடிஎல் இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்றால், மேக்ரோ ஆசாமிகள் கொடுக்கலாம், மற்றவர்கள் யோசிக்கலாம். மேனுவலில் பவரைப் படிப்படியாக மாற்றும் குமிழ் இல்லாத ஸ்ட்ரோப்பை மட்டும் யாரும் வாங்க வேண்டாம்.

வெள்ளிச் செதில் மீன்களில் மட்டும் திட்டாக வெளுத்தால் அது கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அடிக்கிறது. ஸ்ட்ரோப் முகத்தில் ஒளியைப் பரப்பும் மூடியான டிஃப்யூசரைப் போட்டு, ஸ்ட்ரோப்பை இன்னும் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள்.

அறிகுறி: நடுவில் பிரகாசம், ஓரம் இருட்டு, அல்லது ஒரு பக்கம் முழுக்க நிழல்

நடுவில் மட்டும் வட்டமாக வெளிச்சம் விழுந்தால், லென்ஸ் பார்க்கும் அகலத்துக்கு ஸ்ட்ரோப்பின் கூம்பு ஈடுகொடுக்கவில்லை. பல ஸ்ட்ரோப்கள் 90 முதல் 100 டிகிரி வரை விரியும். ஃபிஷ் ஐ லென்ஸ் மூலைக்கு மூலை 180 டிகிரி பார்க்கும். டிஃப்யூசர் மாட்டினால் கூம்பு விரியும், விளிம்பும் மென்மையாகும், ஆனால் ஒளியில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதி, போய்விடும். கைடு நம்பரை ஒப்பிடும்போது இதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் நிழல் என்பது ஒற்றை ஸ்ட்ரோப்பின் கையெழுத்து. அதைப் பக்கவாட்டில் வைப்பதற்குப் பதில் போர்ட்டுக்கு மேலே, நடுவாக, சற்றுக் கீழ்நோக்கி வைத்துப் பாருங்கள். சூரியனும் மேலிருந்துதான் அடிக்கிறது என்பதால், கீழே விழும் நிழலைக் கண் ஏற்றுக்கொள்ளும். மேக்ரோவில் இதுவே போதும், பல நாள். வைட் ஆங்கிளில் இரண்டாவது ஸ்ட்ரோப் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது. வாங்கினால் அதே மாடலையே வாங்குங்கள். வேறு வேறு மாடல் என்றால் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் வெளிர்நீலம் என்று இரண்டு நிற வெளிச்சம் வந்து நிற்கும்.

அறிகுறி: ஒரு படம் நன்றாக இருக்கிறது, அடுத்தது இருட்டு

ஸ்ட்ரோப் மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததை அழுத்திவிட்டீர்கள். ஃபுல் பவரில் அடித்தால் மறுபடி நிரம்ப ஸ்ட்ரோப்பைப் பொறுத்து இரண்டு நொடியோ நான்கு நொடியோ ஆகும். பாதிப் பவரில் அதைவிட வெகு சீக்கிரம். ரெடி விளக்கையும் முழுசாக நம்ப வேண்டாம், பலவற்றில் முழுக்க நிரம்புவதற்கு முன்பே அது எரிந்துவிடும்.

டைவின் கடைசியில் மட்டும் இப்படி என்றால் பேட்டரி. ஏஏ அளவில் நான்கு போடும் ஸ்ட்ரோப்களுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரிகள்தான் சரி. அல்கலைனில் 1.5 வோல்ட், இதில் 1.2 வோல்ட் என்று பார்த்துவிட்டு அல்கலைனே மேல் என்று நினைப்பார்கள். ஆனால் ஸ்ட்ரோப் ஒரே மடக்கில் நிறையக் கேட்கும், அப்போது அல்கலைன் திணறும். நான்கையும் ஒரே செட்டாக வாங்கி, எண் எழுதி, ஒன்றாகவே சார்ஜ் போடுங்கள். பழசும் புதுசும் கலந்தால் நான்கில் சோனியானதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும்.

அறிகுறி: யாரும் அழுத்தாமலே அடிக்கிறது

சிங்க் கார்டு என்றால் இணைப்பில் ஈரம் புகுந்திருக்கிறது, தண்ணீரில் இறங்கியதும் ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம். அணைத்துவிட்டு மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். ஃபைபர் என்றால் ஸ்ட்ரோப்பின் சென்சார் பக்கத்தில் படமெடுப்பவரின் ஃப்ளாஷைப் பார்த்து எழுந்துகொள்கிறது. கேபிள் முனையை அழுத்திச் செருகி, சென்சாரைச் சுற்றி ஒளி புகாமல் மறையுங்கள்.

அறிகுறி: பேட்டரி அறையில் தண்ணீர்

இங்கே கொஞ்சம் நிதானம். உப்புத் தண்ணீரும் பேட்டரியும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகி, மூடி அழுத்தத்தோடு இருக்கலாம். மூடியை முகத்துக்கு எதிரே பிடித்துத் திறக்காதீர்கள். மெதுவாக, வேறு பக்கம் திருப்பி, கால் கால் சுற்றாகத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். வழியும் திரவம் தோலை அரிக்கும். கையுறை நல்லது, இல்லாவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அந்த பேட்டரிகளை மறுபடி உபயோகிக்க வேண்டாம்.

சில ஸ்ட்ரோப்களில் பேட்டரி அறை தனியாக அடைபட்டிருக்கும், மின்னணுப் பகுதிக்குத் தண்ணீர் போகாது. அவற்றில் அறையை நல்ல தண்ணீரில் அலசி, அல்கலைன் கசிந்த வெள்ளைப் படிவு இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, மறுபடி அலசி, நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். முதல் ஸ்ட்ரோப் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று. விற்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை. உடலுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்குப் பக்கமாகச் சார்ஜ் தங்கியிருக்கும், அணைத்த பிறகும். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

காரணம் அநேகமாக ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி, ஒரு மணல். கூர்மையான எதனாலும் அதை நெம்பி எடுக்காமல், விரலால் தள்ளி எடுத்துத் துடைத்து, அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்து, பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் தண்ணீரைத் தடுக்காது, ஓ-ரிங் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்கார உதவுகிறது, அவ்வளவே. அதிகம் பூசினால் மணலைத்தான் பிடித்து வைக்கும். பின்பு பேட்டரி இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாளை மடித்து வைத்து, ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள். வாளியில் தேறியது ஆழத்திலும் தேறும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாளியிலேயே தோற்றதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அறிகுறி: ஸ்ட்ரோப் தொங்குகிறது, கை வலிக்கிறது, கேமரா ஃபோகஸ் பிடிக்காமல் அலைகிறது

தொங்குவது பெரும்பாலும் ஸ்ட்ரோப் கையின் மூட்டில் இருக்கும் பந்தின் ஓ-ரிங் தேய்ந்ததால், அதை மாற்றினால் போதும். வலிப்பது எடையால், மிதவைக் கைகள் அதற்காகவே இருக்கின்றன. ஃபோகஸ் அலைவது இருட்டால், ஒரு சின்ன ஃபோகஸ் லைட் தீர்த்துவிடும். அந்த லைட்டையே ஸ்ட்ரோப்புக்குப் பதில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வீடியோ எடுப்பவர்களுக்கு எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு வேண்டும். நிழற்படத்துக்கு, ஒரு கணத்தில் ஸ்ட்ரோப் கொட்டும் ஒளிக்குப் பக்கத்தில் அது வர முடியாது. நீந்தும் மீனை உறைய வைக்கவும் அதனால் முடியாது.

பழைய ஸ்ட்ரோப் ஒன்று கைக்கு வந்தால்

மேலே சொன்னவற்றைத் தாண்டி வந்தவருக்கு வேண்டியது என்ன என்பது இப்போது அவருக்கே தெரியும்: ஃபைபர் இணைப்பு, படிப்படியான மேனுவல் பவர், முன்-ஃப்ளாஷ் மோடு, ஏஏ பேட்டரி, டிஃப்யூசர், இரண்டு துண்டுக் கை. கைடு நம்பர் இருபதுகளில் இருந்தால் தொடக்கத்துக்குத் தாராளம். இவ்வளவும் உள்ள பழைய ஸ்ட்ரோப் கிடைத்தால் நான் புதியதைத் தேட மாட்டேன்.

ஆனால் பேட்டரி அறையின் மூடியைத் திறந்து முனைகளைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் அது ஒருமுறை தண்ணீர் குடித்தது. ஃப்ளாஷ் குழலின் இரு முனைகளும் நன்றாகக் கறுத்திருந்தால் நிறைய அடித்து ஓய்ந்தது. உங்கள் பேட்டரிகளையே போட்டு, இடைவெளி விட்டு நாலைந்து தடவை ஃபுல் பவரில் அடித்து, ஒவ்வொரு தடவையும் ரெடி விளக்கு எரிய எத்தனை நொடி என்று எண்ணுங்கள். முதலாவதற்கும் கடைசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு உங்கள் கேமராவோடு மாட்டி, விற்பவர் வீட்டு நிலைக்கண்ணாடி முன் நின்று ஒரு படம் எடுங்கள்.